பூரணியின் பயற்றங்காய்

1.
மூதூர் பஸ்ஸின் யன்னலால் ஒரு பெண்ணைப் பார்த்தேன். பூட்டிய பள்ளிக்கூடத்து கேற்றுக்கு முன்னால், சைக்கிள் கரியரில் பயற்றங்காய்ச் சாக்கோடு மழையில் நின்றாள். பஸ் போய்விட்டது. மிச்சமெல்லாம் என் கற்பனை. பூரணி என்ற பெயரும் நான் வைத்ததுதான்.

2.
பூரணி விதவை என்று எழுதி வெட்டினேன். கணவன் கட்டாரில் என்று எழுதி அதையும் வெட்டினேன். (தனியாக இருப்பவளிடம் எல்லோரும் காரணம் கேட்கிறார்கள், நானுமா?) தனியாக இருந்தாள், தோட்டம் செய்தாள்.

பள்ளிக்கூடத்தில் பகல் சாப்பாடு சமைப்பவள் ஸுல்பிகா. சாப்பாட்டுப் பட்டியலில் இருந்தவை கரட்டும் லீக்ஸும். மலைநாட்டிலிருந்து லொறியில் வந்து சேரும்போதே வாடியிருக்கும். ஒருநாள் சந்தையில் பூரணியின் பயற்றங்காயை முறித்துப் பார்த்தவள், நேரே அதிபரிடம் போனாள்.

"சேர், பட்டியல மாத்துங்க. இஞ்ச விளையிறதச் சமைப்பம். பூரணி அக்காட்ட வாங்குவம்."

"அவ ஒழுங்காக் கொண்டருவாவா?"

"ஒரு மாசம் பாப்பமே."

அந்த மாதம் முழுக்க ஆறரைக்கே பூரணி வந்தாள். கொண்டுவந்ததைப் பார்த்துத்தான் அன்றைய கறி. கீரை ஆய்ந்துகொடுத்தபடி குசினி வாசலில் நின்று கதைப்பாள். நாள் முழுக்க அவள் மனிதரோடு கதைத்தது அவ்வளவுதான். உண்மையில் அவள் அதற்காகவே தோட்டத்தை— [முடித்தால் கோபிப்பாள். விடுகிறேன்.]

3.
வெள்ளத்தால் விடுமுறை. செய்தி பள்ளிக்கூட வட்ஸ்அப் குழுவில் வந்தது. பூரணிக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றுதான் அவள் பூட்டிய கேற்றுக்கு முன்னால் சாக்கோடு நின்றாள்.

முதல் வரைவில் ஸுல்பிகா குடையோடு ஓடிவந்தாள். பொய். ஒருவரும் வரவில்லை.

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு நாளாகியும் பூரணி போகவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் ஸுல்பிகா தோட்டத்துக்கே வந்தாள்.

"ஏன் அக்கா வரல்ல?"

"லீவெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"என்ட பிழதான் அக்கா. மறந்துட்டன்."

"காய் போனாப் போகட்டும், தங்கச்சி. ஒருத்தருக்கும் என்ர ஞாபகம் வரேல்லையே."

ஸுல்பிகா அவளது நம்பரை வாங்கிக் குழுவில் சேர்த்தாள். "நாளைக்கு வாங்க" என்றாள். இன்னொன்றைச் சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டாள்: பூரணி இனி வரமாட்டாள் என்று நினைத்து, அதிபர் அன்று காலைதான் லொறிக்காரனைத் திரும்பவும் மரக்கறி கொண்டுவரச் சொல்லியிருந்தார். விடிந்ததும் அவரோடு கதைத்துப் பார்க்கலாம் என்றிருந்தாள்.

4.
விடிந்துவிட்டது. குழுவில் முதல் செய்தி: "இன்று பாடசாலை நடைபெறும்." பூரணி அதை இரண்டு தரம் வாசித்தாள். இப்போது கொடிகளுக்கு நடுவே குனிந்து பறித்துக்கொண்டிருக்கிறாள்.

லொறியும் புறப்பட்டுவிட்டது. அதிபர் இன்னும் வரவில்லை. ஸுல்பிகா அவரது அறைக் கதவடியில் நிற்கிறாள். அவர் என்ன சொல்வார் என்று மூன்று விதமாக எழுதினேன். மூன்றிலும் அவர் நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னார். நான் விலகுகிறேன். அதிபரின் கதிரையில் நீங்கள் உட்காருங்கள். ஸுல்பிகா உள்ளே வருகிறாள்.