வேகம்: இல்லை

எங்கள் டிசைன் மேனேஜருக்கு ‘அஞ்சு கோடி’ என்று பெயர் வைத்தது நான்தான். பணத்தால் வந்த பெயரில்லை. ஒரு சிக்னல் நொடிக்கு ஐந்து கோடி தடவைக்கு மேல் துடித்தால் அதிவேகம், குறைந்தால் சாதாரணம் என்பது அவர் போட்ட சட்டம். சர்க்யூட் போர்டு வரைகிற நான், ஒவ்வொரு சிக்னலுக்கும் எதிரே ‘வேகம்: உண்டு’ அல்லது ‘வேகம்: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உண்டு என்றால் ராஜ மரியாதை: குறுகிய வழி, துள்ளாமல் அடக்க ஒரு ரெசிஸ்டர். இல்லை என்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுவோம்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது, அரங்கத்துக்குள் நுழைகிறவர்களை எண்ணும் கருவி. ஆள் கடந்தால் ஒளி மறையும், சிக்னல் ஒரு தடவை ஏறும், எண்ணிக்கையில் ஒன்று கூடும். எந்த அரங்கத்துக்கும் நொடிக்கு ஐந்து கோடி பேர் வருவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ‘வேகம்: இல்லை’ என்று எழுதினேன். அதன் தாமிரக் கோட்டை போர்டின் ஓரமாகவே ஒரு முழத்துக்கு இழுத்துவிட்டேன்.

சோதனைப் பிரிவு அக்காவின் வேலை, கருவியின் இடைவெளியில் ஒரு மரத்துண்டை நூறு தடவை விட்டு எடுப்பது. பதினொரு வருஷமாக அவர் நூறு என்றால் நூறுதான். புதுக் கருவியில் நூற்று முப்பத்தேழு வந்தது. மறுபடி செய்தார், நூற்று நாற்பத்தொன்று.

“அந்தம்மாவுக்குக் கை நடுங்குது, எண்ணவும் வரல” என்றார் அஞ்சு கோடி. எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. மூன்றாவது போனால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

அக்கா என் மேசைக்கு வந்தார். “தம்பி, எனக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியாதுன்னு எழுதியிருக்காங்க. என் பொண்ணு படிச்சுட்டு மொதல்ல சிரிச்சா. அப்புறம் அழுதுட்டா.”

“போர்டுல ஒண்ணும் தப்பில்லக்கா.” திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

“அப்ப நீங்களே ஒரு தடவ விட்டுப் பாருங்க.”

எனக்குச் சுருக்கென்றது. விடுவிடென்று போய், நூறு தடவை விட்டேன். நூற்று முப்பத்தொன்பது. என் கை நடுங்குகிற கை இல்லை.

சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பை மாட்டிப் பார்த்தேன். சிக்னலை அனுப்புகிற பழைய சிப் கிடைக்காததால் கொள்முதல் பிரிவு புதுசு வாங்கியிருந்தது. அதே பெயர், அதே கால்கள். பழையது சோம்பல் முறித்துக்கொண்டு இருபது நானோசெகண்டில் ஏறும். புதியது ஒன்றிலேயே ஏறிவிடுகிறது. என் கோட்டைக் கடக்கவே மூன்று ஆகும். ஏறிய வேகத்தில் போய் மறுமுனையில் மோதி, திரும்பி, மறுபடி மோதுகிறது. சில தடவை அந்த இரண்டாவது மோதலையும் கருவி ஓர் ஆளாக எண்ணிவிடுகிறது. இதையெல்லாம் கல்லூரியில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் கையெழுத்து தப்பிக்கும், அக்கா தப்பிக்க மாட்டார். அரைநாள் யோசித்தேன் என்பதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. பிறகு போய்ச் சொன்னேன்.

“நொடிக்கு ஒரு தடவ ஏறுறது எப்படிய்யா அதிவேகமாகும்?” என்றார் அஞ்சு கோடி.

“சார், நான் மாசத்துக்கு ஒரு தடவதான் கோவப்படுவேன். நான் சாந்தமான ஆளான்னு என் பொண்டாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. எத்தன தடவைங்கறது பேச்சில்ல சார். எவ்வளவு சடார்னு ஏறுதுங்கறதுதான் பேச்சு.”

“அப்ப ‘இல்லை’ன்னு கையெழுத்து போட்டது யாரு?”

“நான்தான் சார். சட்டம் போட்டது நீங்க.”

எது அதிவேகம் என்று முடிவு செய்ய ஒரு குழு உட்கார்ந்தது. ஒரு நானோசெகண்ட் விஷயத்துக்கு ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. ஐந்து கோடி என்ற கணக்கைத் தொட மேனேஜருக்கு மனம் வரவில்லை. அதனால் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தார்கள்: ‘மெதுவானது, ஆனால் அவசரக்காரன்’. சிப்பின் வாசலிலேயே கடுகளவு ரெசிஸ்டர் ஒன்றை ஒட்டினேன். அக்கா விட்டார், நூறு என்றால் நூறு. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு படிவத்துடையதாம்.

அக்காவுக்கும் கடிதம் வந்தது. இரண்டாவது எச்சரிக்கை ரத்து. முதலாவது கோப்பில் ஏறி நாற்பத்தைந்து நாள் தாண்டிவிட்டதால் திரும்பப் பெற வழியில்லை.

அக்கா அதை என் மேசையில் வைத்தார்.

“நான் ஒண்ணு விட்டா உங்க மெஷின் ரெண்டுன்னு எண்ணுச்சு. இவங்க ரெண்டு குடுத்துட்டு ஒண்ண எடுத்துக்கிட்டு சரியாப் போச்சுங்கறாங்க. எண்ணத் தெரியாதது எனக்கா தம்பி?”

அந்த மாதத்துக் கோபம் என்னிடம் செலவாகாமல் இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு, அஞ்சு கோடியின் அறைக்கு இரண்டிரண்டு படியாக ஏறினேன்.