அழுகைக்கு அர்த்தம் சொல்லும் கம்பெனி

இதனால் சகல பெற்றோருக்கும், பெற்றோர் ஆகப்போகிறவர்களுக்கும், அந்த எண்ணமே இல்லாதவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனித இனம் தோன்றிய நாள் முதல் விடை தெரியாமல் கிடந்த ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. குழந்தை ஏன் அழுகிறது என்பதே அந்தக் கேள்வி. இனி எந்தத் தாயும் தவிக்க வேண்டாம். எந்தத் தகப்பனும் தூங்குவதுபோல் நடிக்க வேண்டாம். அழும் குழந்தையின் அருகே கைபேசியை வைத்தால் போதும். பசியா, தூக்கமா, ஈரமா, வயிற்று வலியா, இல்லை சும்மாவா என்று செயற்கை நுண்ணறிவு நொடியில் சொல்லிவிடும். துல்லியம், தொண்ணூற்றேழு சதவீதம்.

இந்த அறிவிப்பை உலகுக்கு விடுத்த ‘ங்ஙா டெக்னாலஜீஸ்’ நிறுவனத்தின் தலைமையகம், நிறுவனருடைய அக்கா வீட்டுக் கூடம். ஆராய்ச்சிப் பிரிவு, அதே கூடத்தில் தொட்டில் கிடந்த மூலை. ஊழியர் விடுதி, எதிரே கிடந்த சோபா. அதில்தான் நிறுவனர் ஒரு வருடமாகப் படுத்து எழுந்துகொண்டிருந்தார்.

நிறுவனருக்குக் கல்யாணம் ஆகவில்லை. கைக்குழந்தையைத் தூக்கும்போது தலைக்குக் கை கொடுக்க வேண்டும் என்பதே முதலீட்டாளர்களுக்குக் காட்டும் படங்களைத் தயாரிக்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இந்தத் தொழிலில் அது ஒரு குறையே அல்ல. வெந்நீர் வைக்கத் தெரியாதவர் சமையல் செயலி ஆரம்பிக்கிறார். அடுத்த வீட்டுக்காரரிடம் முகம் கொடுத்துப் பேசாதவர் நட்புச் செயலி ஆரம்பிக்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் பயந்து ஒதுங்கிவிடுவதால் இடம் எப்போதும் காலியாகவே இருக்கிறது.

அக்காவின் கணவர், அதாவது நிறுவனரின் அத்தான், குளிர்சாதனப் பெட்டி செய்யும் ஆலையில் தரப் பரிசோதகர். வரிசையாக வரும் பெட்டிகளில் ஒன்றை இழுத்து நிறுத்துவார். கதவைத் திறந்து மூடுவார். உள்ளே கையை விட்டுப் பார்ப்பார். குளிர்ந்தால் முத்திரை, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு. குடியிருந்த வீடு ஆலை கொடுத்தது. வேலை இருக்கும்வரை வீடு.

அந்த வேலையைத்தான் அவர் விடுவதாக இருந்தார். மைத்துனன் அவருக்குத் தலைமைச் செயல் அதிகாரி என்று பட்டம் கொடுத்து, பெயர் அட்டையும் அச்சடித்துத் தந்திருந்தான். ராஜினாமாக் கடிதம் கைபேசியில் தயாராக இருந்தது. முதலீட்டாளர் அம்மையார் சனிக்கிழமை காலை செயல்விளக்கம் பார்க்க வருகிறார். அவர் சரியென்ற நிமிடம் கடிதத்தைத் தட்டிவிட வேண்டியதுதான்.

“ஏங்க, அந்தம்மா சரின்னுட்டா நாம எங்க போய்க் குடியிருக்கறது?” என்றாள் அக்கா, சனிக்கிழமை விடிந்ததும்.

“கொஞ்ச நாள் சமாளிக்கணும். அப்புறம் சொந்த வீடுதான்.”

“யாரு சொன்னா?”

“மாப்ளதான்.”

“அவனே நம்ம சோபாவுல படுத்திருக்கான்.”

அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டார்.

அம்மையார் சொன்ன நேரத்துக்கு வந்தார். நரைத்த தலை, சாயம் போகாத புன்னகை. சுற்றுமுற்றும் பார்த்தார்.

“இதுதான் உங்க லேபா?”

“ஆமா மேடம். இயற்கையான சூழல்லதான் நாங்க தரவு சேகரிக்கறோம்” என்றார் நிறுவனர். இயற்கையான சூழல் ஜன்னல் கம்பியில் குழந்தைத் துணிகளாகக் காய்ந்துகொண்டிருந்தது.

கைபேசியை மேசைமேல் வைத்து, செயலியைத் திறந்து, ஒலியைக் கூட்டினார்கள். தொட்டிலில் குழந்தை தன் கால் கட்டை விரலைப் பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்தது.

“சரி, அழச் சொல்லுங்க” என்றார் அம்மையார்.

குழந்தை அழவில்லை.

பிறந்த நாளிலிருந்து, சோறு இறங்கவிடாமல், கண் மூடவிடாமல் அழுத குழந்தை. அன்றைக்கென்று ஊரையே விலைக்கு வாங்கியவன்போல் மல்லாந்து கிடந்தது. நிறுவனர் அதன் கையிலிருந்த கிலுகிலுப்பையைப் பிடுங்கினார். குழந்தை பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தது.

“அக்கா, ஏதாவது பண்ணேன்.”

“என்ன பண்ணச் சொல்ற? கிள்ளவா?”

“லேசா...”

“உன்னக் கிள்ளுவேன். போடா அந்தப் பக்கம்.”

அத்தான் முன்வந்து கண்ணை உருட்டி, பல்லைக் கடித்து, பூதம்போல் உறுமினார். குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. கைபேசி அதைக் கேட்டது.

“பசி. தொண்ணூற்றேழு சதவீதம்” என்றது.

அம்மையார் புருவத்தை உயர்த்தினார்.

“சிரிப்ப நாங்க இன்னும் சேர்க்கல மேடம். அடுத்த வெர்ஷன்ல வருது.”

அம்மையார் வசதியாக உட்கார நாற்காலியை இழுத்தார். அதன் கால் தரையில் கிரீச்சிட்டது.

“பசி” என்றது கைபேசி.

நிறுவனருக்கு நெற்றி வேர்த்தது. தொட்டில் அருகே மண்டியிட்டார். “தங்கம், மாமா பாவம்டா. ஒரே ஒரு தடவை. ங்ஙான்னு சொல்லு. மாமா உனக்கு என்ன வேணும்னாலும் வாங்கித் தரேன்டா செல்லம்...” கடைசிச் சொற்களில் குரல் உடைந்தே போயிற்று.

“பசி. தொண்ணூற்றேழு சதவீதம்.”

“காலைல சாப்பிட்டீங்களா?” என்றார் அம்மையார்.

“இன்னும் இல்ல மேடம்.”

“அப்ப கரெக்டாத்தான் சொல்லுது.”

பிறகு அவர் அக்கா பக்கம் திரும்பினார். “இதுக்கு எப்படிம்மா சொல்லிக் குடுத்தீங்க?”

அக்கா தம்பியைப் பார்த்தாள். கணவரையும் அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த கைபேசியையும் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“புள்ள அழும்போதெல்லாம் ஃபோன்ல அஞ்சு பொத்தான் வரும். எதுக்கு அழுவுதோ அத அமுக்கணும். ஒரு தோள்ல புள்ள, ஒரு கைல ஃபோன். என் கட்ட விரலுக்கு எட்டினது பசி ஒண்ணுதான். தூக்கம், வலியெல்லாம் மேல எங்கயோ இருந்துச்சு. அதனால எதுக்கு அழுதாலும் பசியையே அமுக்கினேன்.”

கைபேசி அதையும் கேட்டு, “பசி” என்றது.

“அக்கா! ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“நீ கேட்டியா? தினமும் காலைல எழுந்ததும் டேட்டா வந்துச்சா, டேட்டா வந்துச்சான்னு கேட்ட. வந்துச்சுன்னு சொன்னேன். வந்துச்சு இல்ல?”

“அப்ப மீதி மூணு சதவீதம்?”

“அது நான்” என்றார் அத்தான். “எனக்குக் கை பெருசு.” சொன்ன பிறகுதான் அவருக்கே விஷயம் உறைத்தது. மைத்துனன் பக்கம் திரும்பினார். “மாப்ளே, சரியாச் சொல்லுதான்னு நீ டெஸ்ட் பண்ணலையா?”

“பண்ணினேனே அத்தான். அதனாலதானே தொண்ணூத்தேழு வந்துச்சு.”

“எத வெச்சுப் பண்ணின?”

“அக்கா அமுக்கினத வெச்சு.”

“வேற புள்ளைங்க?”

“வேற புள்ளைங்களுக்கு நான் எங்க போறது அத்தான்?”

கம்பெனி கவிழ்ந்தது, வீடு தப்பியது என்று அக்கா உள்ளுக்குள் நிம்மதியாக மூச்சு விட்டாள். அம்மையாருக்கு ஒரு டம்ளர் தண்ணீரைப் பீங்கான் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள், வழியனுப்பும் மரியாதையாக.

அம்மையார் தண்ணீரைக் குடித்தார். “வேகமா பதில் சொல்லுது. தயங்கறதில்ல. குழப்பறதில்ல. கைக்குழந்தைங்க பெரும்பாலும் எதுக்கு அழும்?”

“பசிக்குத்தான்” என்றார் நிறுவனர், மண்டியிட்ட நிலையிலிருந்து மெல்ல எழுந்தபடி.

“அப்புறம் என்ன? எனக்குப் போட்டியா ஒருத்தர் இருக்காரு. போன வாரம் இதே மாதிரி கம்பெனி ஒண்ணுல இறங்கிட்டாரு. அவங்களது எதுக்கெடுத்தாலும் தூக்கம்னு சொல்லுது. அதுக்கு இது எவ்வளவோ மேல். நான் வரேன்.”

அக்காவின் கையிலிருந்த தட்டு நழுவி விழுந்தது. “பசி” என்றது கைபேசி.

“ஒரே ஒரு நிபந்தனை. ஒரு கால் அங்க, ஒரு கால் இங்கன்னு இருக்கறவங்கள நம்பி நான் இறங்கமாட்டேன். தலைமைச் செயல் அதிகாரி பழைய வேலைய விட்டாச்சா?”

எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் கைபேசியை வெளியே எடுத்தார். கடிதம் திறந்தே இருந்தது. விரல் அதன்மேல் நின்றது.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“உங்க வீட்ல கைக்குழந்தை இருந்தா இத வாங்குவீங்களா?”

“நான் முதலீடு பண்றவ சார்” என்றார் அம்மையார், கொஞ்சமும் கோபப்படாமல். “வாங்கறவங்க வேற ஆளுங்க.”

அத்தான் தலையாட்டினார். எழுந்துபோய் மேசைமேல் பேசிக்கொண்டிருந்த கைபேசியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் தொட்டுப் பார்த்தார். பெட்டிக்குள் கை விட்டுப் பார்க்கிறவர் முகம் அது.

“இது குளிரல மாப்ளே” என்றார்.

“என்ன அத்தான்?”

“ஒண்ணுமில்ல. அந்தப் பட்டத்தையும் நீயே வெச்சுக்க. உனக்கு ரெண்டு அட்டையா இருக்கட்டும்.” தன் கைபேசியில் கடிதத்தை அழித்தார்.

“அத்தான், வரலாறு நம்மள...”

“வரலாறு வந்தா சோபாவுல உக்காரச் சொல்லு. நீ காலி பண்ணினப்புறம்.”

அக்கா தட்டின் உடைந்த துண்டுகளைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டாள். அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

அம்மையாருக்கு இதில் வருத்தமே இல்லை. ஒரே நிறுவனர் என்றால் கையெழுத்தும் ஒன்றுதான் என்று சொல்லி, அங்கேயே கைகுலுக்கிவிட்டுக் கிளம்பினார். செயலி நாய்க்குட்டிகளுக்கும் பொருந்துமா என்று வாசல்படியில் நின்று கேட்டார். அடுத்த வெர்ஷனில் வருகிறது என்றார் நிறுவனர். மறுநாளே அவர் இன்னொரு அறிவிப்பு வெளியிட்டார். குடும்பப் பொறுப்புகளின் காரணமாகத் தலைமைச் செயல் அதிகாரி கனத்த இதயத்துடன் விடைபெறுவதாகவும், அவருடைய தொலைநோக்கு நிறுவனத்தை என்றும் வழிநடத்தும் என்றும் அதில் இருந்தது.

திங்கட்கிழமை அத்தான் வழக்கம்போல் வேலைக்குப் போனார்.