திலகம் பாடாத பாட்டு

மலேசியாவின் ஈப்போவிலிருந்து நர்ஸ் வேலைக்காக மெல்பர்னுக்கு வந்தவள் திலகம். வாரநாட்களில் ஆஸ்பத்திரி, சனிக்கிழமையானால் ஃபிட்ஸ்ராயில் ஒரு பப்பில் பாட்டு. 1975இல் அந்த பப்புக்கு ரூபர்ட் மெக்லீன் வந்தார். ரெகே என்ற சொல்லையே வெளியுலகம் கேள்விப்படாத காலத்தில், கிங்ஸ்டனில் ஒரு தகரக்கொட்டகைக்குள் இசைத்தட்டு தயாரிக்கத் தொடங்கிய ஜமேக்காக்காரர். இப்போது லண்டனில் அவர் பெயருக்குத் தனி மவுசு. மெல்பர்ன் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று, தங்களுக்கும் ஒரு ரெகே பாட்டு தயாரித்துத் தரச் சொல்லி அவரை வரவழைத்திருந்தது.

அன்று அவள் பாடியதைக் கேட்டவர் மறுநாளே ஸ்டுடியோவுக்கு அழைத்தார். அவள் குரலில் பாட்டைப் பதிவு செய்தார்கள். இடைவேளையில் அவர் தன் பழைய கதையைச் சொல்வார். லண்டன்காரன் ஒருவன் அவர் பாட்டை எடுத்து, வெள்ளைக்காரப் பையனைப் பாட வைத்துப் பேர் வாங்கிய கதை. சொல்லும்போதே மேசையை ஓங்கிக் குத்துவார். திலகத்துக்கும் ரத்தம் கொதிக்கும்.

பதிவு முடிந்த மறுவாரம் ஸ்டுடியோவுக்குப் போனவள், தேநீர் மேசைமேல் அந்தப் பாட்டுக்காக அச்சாகி வந்திருந்த இசைத்தட்டு உறையைப் பார்த்தாள். மைக் முன்னால் பொன்னிறக் கூந்தலோடு ஒரு பெண். கீழே, ஜூடி டீன் என்று பெயர்.

டேப் இயக்கும் வரதராஜா யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் போனாள்.

"அண்ணே, இது யாரு?"

அவர் தலையைக் குனிந்தார். "கம்பெனிக்காரர் பிடிச்ச பெட்டை, தங்கச்சி. குரல் உங்கடதான். டிவியில அவ வாயசைப்பாவாம்."

"ரூபர்ட்டுக்குத் தெரியுமா?"

"ஓம். சம்மதிச்சிட்டார்."

திலகத்துக்கு முகமெல்லாம் எரிந்தது. நேரே கண்ணாடி அறைக்குள் போய் உறையை ரூபர்ட்டின் மடியில் எறிந்தாள்.

"உன் முகத்தைப் போட்டா கடைக்காரங்க வாங்கமாட்டாங்கன்னு சொல்றாங்க," என்றார் அவர். "முதல்ல பாட்டு வெளியே வரட்டும். அடுத்ததுல உன் பேரு."

"லண்டன்காரன் உங்களுக்குச் செஞ்சது துரோகம். நீங்க எனக்குச் செய்றது என்ன?"

"நான் இல்லைன்னா நீ இன்னும் பப்புலதான் பாடிக்கிட்டு இருப்பே!"

"பப்புல என் மூஞ்சியோட பாடினேன்!"

வெளியே வந்து தெருமுனைவரை நடந்தாள். டிராம் வந்தது, ஏறவில்லை. திரும்பி ஸ்டுடியோவுக்கே போனாள்.

"கோபத்துல பேசிட்டேன்," என்றாள் ரூபர்ட்டிடம். "அந்தப் பாட்டு எனக்கே திருப்தியா இல்லை. இன்னொரு தடவை பாடிடறேன்."

ரூபர்ட்டுக்கு நிம்மதி. டேப்பில் வேறு இடமில்லை; புதிதாகப் பாடினால் பழைய குரலின் மேலேயே பதிவாகும், பழையது அழிந்துவிடும். அது அவருக்கும் தெரியும். ஆனாலும், பாடிப் பாடி மெருகேறும் குரல் அது என்று நம்பினார். வரதராஜாவிடம் தலையசைத்தார்.

திலகம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். டிரம் ஒலித்தது, பேஸ் கிட்டார் சேர்ந்துகொண்டது. பாட வேண்டிய இடம் வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் இருந்த ரூபர்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் சரணம் ஓடி முடிந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

"என் பாட்டை அழிக்கிறே!"

"என் குரலை எடுத்துக்கிட்டுப் போறேன்."

"நிறுத்து! வரதா, நிறுத்து!"

வரதராஜா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டேப் கடைசிவரை ஓடியது.

அன்றே அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். வாசலில் திலகம் அழுதுவிட்டாள். "என்னாலதானே அண்ணே?"

"சும்மா இருங்கோ. நிப்பாட்ட எனக்கு மனம் வரேல்லை," என்றார் அவர்.

ஜூடி டீனையே பாட வைத்துப் பாட்டை வெளியிட்டார்கள். ஒருநாள் ஆஸ்பத்திரி வார்டில், கட்டிலருகே இருந்த ரேடியோவில் அது வந்தது. தாளத்துக்கு ஒரு நூலளவு பிந்தி வந்து விழும் சொற்கள், வரியின் முடிவில் ஒரு சின்ன இழுப்பு. எல்லாம் திலகம் பாடியபடியே. ஜூடியை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார் ரூபர்ட்.

அவள் ரேடியோவைப் பட்டென்று அணைத்தாள்.

"ஏன் சிஸ்டர்? நல்ல பாட்டாச்சே," என்றாள் கட்டிலில் இருந்த கிழவி.

திலகம் ரேடியோவைத் திரும்பவும் போட்டாள். கிழவியின் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு துணி அறைக்குள் போய், வார்டே அதிரும்படி கதவை அறைந்து சாத்தினாள்.