டேப் சுற்றிய பட்டன்

...சுற்றியது சசிகலாதான், ஆனால் டேப்பைக் கையில் கொடுத்தது சூப்பர்வைசர் நரசிம்மன் என்றுதானே செந்தாமரை சொன்னாள், ஒரே மூச்சில்தானே சொன்னாள், அந்த 'ஆனா'வுக்கு முன்னாலேயே வெட்டிப் போட எப்படி மனசு வந்தது அந்த டிவிக்காரர்களுக்கு... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் படப்பை ஷேர் ஆட்டோவில் நசுங்கி உட்கார்ந்திருந்தவளுக்கு, மடியிலிருந்த சாத்துக்குடிப் பை கூடத் தெரியவில்லை. கம்பெனி கேட்டில் மைக்கை நீட்டிய பெண், 'பயப்படாம சொல்லுங்கக்கா' என்று எவ்வளவு இதமாகக் கேட்டாள், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாளே, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் தகடு அடிக்கிற பிரஸ் இறங்கும், கை மாட்டக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள், ஒரு பட்டனை டேப் சுற்றி அமுக்கியே வைத்தால் ஒரு கை மிச்சம், டார்கெட் முடியும், அதனால் லைனில் எல்லோரும் சுற்றுவோம், சுற்றாவிட்டால் நரசிம்மன் 'இன்னாம்மா, கல்யாண வூட்டுக்கா வந்துகீற?' என்பான்... இத்தனையும் சொன்னாள். டிவியில் வந்தது 'சசிகலாதான் டேப் சுத்தினா' மட்டும், கீழே சிவப்புப் பட்டையில் 'கவனக்குறைவால் விரல்களை இழந்த பெண் தொழிலாளி', உடனே விளம்பரம், இவர்கள் கதவு அடித்துக் கொடுக்கிற அதே கார், ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே மலையேறுகிறது. பாவிகள். நாளைக்கு விசாரணைக்கு ஆபீசர்கள் ஆஸ்பத்திரிக்கே வருகிறார்கள், சசிகலா நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டால் போதும், அவள் வேலையாவது மிஞ்சும், ஆனால் எந்த முகத்தோடு அவள் எதிரில் போய் நிற்பது, திட்டட்டும், காறித் துப்பட்டும், வாங்கிக்கொள்ளலாம்.

சசிகலா திட்டவில்லை. கட்டுப்போட்ட வலது கையைத் தலையணைமேல் கிடத்திக்கொண்டு, இடது கையால் ஒரு சாத்துக்குடியை உருட்டியபடி, வுடுடி, நீ இன்னா பொய்யா சொன்ன, என்றாள். அதுதான் தாங்கவில்லை செந்தாமரைக்கு. நாளைக்கு நரசிம்மன் டேப் குடுத்தத சொல்லு சசி, நானும் வந்து சொல்றேன், என்றதும் சசிகலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 'அவுரு இன்னா பண்ணுவாரு... என் கவனக்குறைவுதான். நியூஸ்லயே சொல்லிட்டாங்க, எங்கப்பாவும் அதான் சொல்லிகினு கீறாரு.' கவனக்குறைவு... லைனில் யார் வாயிலும் வராத வார்த்தை, எத்தனை முறை போட்டுக் காட்டியிருந்தால் இவள் நாக்கில் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கும்? போன மாசம் டேப்போடு நரசிம்மன் வந்தபோது, 'வேணாம் சார், பயமா கீது' என்று சொன்ன ஒரே ஆள் இவள்தானே, அது இவளுக்கே மறந்துவிட்டதா? அதைச் சொல்லி இவளை உலுக்க வேண்டும் என்று செந்தாமரை வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது... இன்று காலையில் பக்கத்து பிரஸில் புதிதாக இசைவாணி என்ற பெண்ணை நிறுத்தினார்கள், அவள் பட்டனிலும் டேப் சுற்றியிருந்தது, செந்தாமரை பார்த்தாள், பார்த்துவிட்டு 'கவனமா இருடி' என்று சொல்லிவிட்டுத் தன் மெஷினுக்குப் போனாள்... டேப்பைப் பிரி என்று ஏன் சொல்லவில்லை?