உள்ளே விட்ட ஓர் அங்குலம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு துண்டுத்தாளிலிருந்து வந்தது. என் எதிர்வீட்டுத் தையல்காரிக்கு, ஐவிஎஃப் சிகிச்சைக்கு முதன்முதலாகப் போன அன்று மருத்துவமனையில் கொடுத்த தாள். 'நீங்கள் எதிர்பார்க்க வேண்டியவை' என்று தலைப்பு. பன்னிரண்டு படிகள். ஓரத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவளப் பாருங்க பெரியம்மா. மொதல் படியிலயும் சிரிக்கிறா, பன்னெண்டாவது படியிலயும் அதே சிரிப்பு. இவளுக்கு ஊசியே போடல," என்றாள் தையல்காரி. "நீங்கதான் எதையாவது எழுதிக்கிட்டே இருக்கீங்களே. மொதத் தடவ போறவளுக்கு நெஜமா என்ன ஆகும்னு எழுதுங்க."

சரி என்றேன். உடனே ஒரு நிபந்தனை போட்டாள்.

"முடிவ மட்டும் முன்கூட்டியே எழுதக் கூடாது. பாக்குறவங்க எல்லாம் எனக்கு முடிவுதான் சொல்றாங்க. கண்டிப்பா நடக்கும், கண்டிப்பா நடக்கும்னு. இவங்களுக்கு யாரு ஃபோன் பண்ணிச் சொன்னா?"

கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவளுக்குக் குழந்தை வேண்டும். கதைக்கு வேண்டிய விஷயம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் சுற்றிச்சுற்றி எழுதுவது.

2

எழுதுவதற்கு நான் யாரிடமும் பாடம் கேட்டதில்லை. அதனால் தொடக்கம் சரியாக விழும்வரை தாளைக் கிழித்துக்கொண்டிருப்பேன். கிழித்தவற்றில் இரண்டு:

"வெள்ளைச் சுவர்களெங்கும் நம்பிக்கையின் ஒளி படர்ந்திருந்த அந்த மருத்துவமனையில்

(நிறுத்திவிட்டேன். சுவர் வெளிர்பச்சை. அதில் இருந்தது ஒரு தீயணைப்புக் கருவியும், அதைக் கடைசியாகச் சோதித்த தேதியும்.)

"மாமியார் வாசலில் நின்று, 'என் பிள்ளைக்கு என்ன குறை' என்று

(இதுவும் வேண்டாம். இந்த மாதிரிக் கதையில் நீங்கள் ஒரு கொடுமைக்கார மாமியாரைத் தேடுவீர்களே என்று உருவாக்கினேன். படித்துக் காட்டியபோது, தன் மாமியார் அப்படியெல்லாம் இல்லை, ஃபோனில் சாப்பிட்டாயா என்று கேட்பார், சாப்பிட்டேன் என்றால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார், அவ்வளவுதான் என்றாள் தையல்காரி. ஆகவே அந்த அம்மாளை மரியாதையாகப் பேருந்து ஏற்றி அனுப்பிவிட்டேன்.)

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்: நாளெல்லாம் ஊசியோடு வாழும் தையல்காரிக்கு ஊசி என்றால் பயம். "என் ஊசி நான் சொல்ற பக்கம் போகும். அந்த ஊசி என் பக்கம் வருது," என்பது அவள் வாதம்.

முதல்நாள் அவள் கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பை பிடித்துக்கொள்ள நான் போனேன். ஏழு குப்பிகள் ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கணவனும் மனைவியும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடும்படி ஒரு கட்டுப் படிவம் கொடுத்தார்கள். நர்ஸ் என்னைப் பார்த்து, நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். எதிர்வீடு என்றேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

3

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பத்து மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கினாலும் நடுங்காத கை. பேனா மாதிரியான மருந்து ஊசியை எடுத்ததும் அது நடுங்கியது. மூன்று நாள் சோபா மெத்தையில் குத்திப் பழகினார். மெத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருக்குத்தான் வியர்த்தது. மருந்து, குளிர்பெட்டிக் கதவில் முட்டை வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் ஜோடனை செய்யவில்லை. அங்கேதான் இடம் இருந்தது.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒரே இடத்தில் குத்தாமல் இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். வேறு யாராக இருந்தாலும் சரி என்று தலையாட்டியிருப்பார்கள். இவளுக்கு அது போதாது. யாருடைய இரண்டு விரல்? வயிற்றில் டேப் வைத்து அளந்தாள். நீலச் சாக்பீஸால் கட்டம் போட்டாள். ஒன்று முதல் பத்து வரை எண் எழுதினாள். லிஃப்ட்காரர் எண் பார்த்துக் குத்தினார்.

அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது அழிக்க மறந்துவிட்டாள். டாக்டரம்மா துணியை விலக்கினார். வயிறு முழுக்க வரைபடம். குனிந்து எண்களைப் படித்தார்.

"இது யாரு போட்டது?"

"நான்தான் மேடம். உங்க விரல் அளவு தெரியல."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் ஸ்கேன் கருவி நழுவியது. நர்ஸ் மட்டும் திட்டினாள், குத்துகிற இடத்தில் சாக்பீஸ் தூள் இருக்கலாமா என்று. தையல்காரி அன்றே வீட்டுக்கு வந்து, சட்டைக்கு மாதிரி வெட்டுகிற பழுப்புத் தாளில் நடுவே தொப்புளுக்கு ஒரு துளை, சுற்றி இருபுறமும் துளைகள் என்று வெட்டிவிட்டாள். வைத்து, இடம் பார்த்து, தாளை எடுத்து, பஞ்சால் துடைத்து, பிறகு ஊசி. அடுத்த வாரம் அதே நர்ஸ் குரலைத் தாழ்த்தி, அதில் இன்னும் நாலு வெட்டித் தர முடியுமா என்று கேட்டாள்.

4

தாளில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை குறையும்.

மயக்க மருந்து கொடுத்துக் கருமுட்டைகளை எடுத்தார்கள். பதினொன்று. (விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, காஜா எடுத்தாச்சா என்பது. காஜா என்றால் பட்டன் துளை, தையல் தெரியாதவர்களுக்காக.) அன்றே கணவரும் தம் பங்கைக் கொடுத்தார்.* பதினொன்றில் முதிர்ந்தவை எட்டு. மறுநாள் ஃபோனில், கருவானவை ஆறு. ஐந்தாம் நாள்வரை வளர்ந்தவை இரண்டு.

* அதற்கென்று ஒரு சின்ன அறை. லிஃப்ட்காரர் உள்ளே போய் இருபத்தைந்து நிமிஷம். மனைவி மயக்கத்தில் இருந்ததால், வெளியே காத்திருந்த நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அவராகவே சொன்னார்: "தாழ்ப்பாள் லூசா இருந்துச்சு பெரியம்மா. டைட் பண்ணிட்டேன்."

ஆறு இரண்டான அன்று தையல்காரி மிஷினை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்படி நான் பார்த்ததில்லை. நர்ஸுக்கு ஃபோன் போட்டாள். குறைவதுதான் வழக்கம், எல்லாருக்கும் இப்படித்தான் என்றாள் நர்ஸ். அதை யாராவது முதல்நாளே சொல்லியிருக்கலாமே என்று இவள் கேட்டாள். வைத்துவிட்டு அந்தச் சிரிக்கும் பெண் தாளை எடுத்து, எட்டாவது படிக்கும் ஒன்பதாவது படிக்கும் நடுவே சாக்பீஸால் எழுதினாள்: 'குறையும். பயப்படாதே.'

இரண்டில் ஒன்றை உள்ளே வைத்தார்கள், மற்றதை உறைய வைத்தார்கள். வைப்பதற்கு மயக்கம் கிடையாது. சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அவள் அளந்து குடித்தாள், டாக்டர் முக்கால் மணி தாமதம். அந்த முக்கால் மணி நேரத்தை வருணிக்க எனக்கு அனுமதி இல்லை.

5

பிறகு பன்னிரண்டு நாள் காத்திருப்பு. இந்த இடத்தில்தான் நான் தப்பு செய்தேன், கண்ணுகளா.

வாக்கு கொடுத்தவள் நான். ஆனால் காத்திருக்கத் தெரியாத கை. திருட்டுத்தனமாக இரண்டு முடிவு எழுதிவிட்டேன். முதலாவதில் ஃபோன் வருகிறது, நல்ல சேதி, அவள் மிஷின் மேல் தலை சாய்த்து ஆனந்தத்தில் அழுகிறாள். இரண்டாவதில் ஃபோன் வருகிறது, அவள் மிஷின் மேல் தலை சாய்த்து அழுகிறாள். எழுதியதை என் மூக்குக்கண்ணாடியோடு அவள் வெட்டுமேசையிலேயே மறந்து வைத்துவிட்டேன்.

அடுத்தநாள் காலை நான் போனபோது கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். தாள்களையும் கொடுத்தாள். இரண்டிலும் குறுக்கே நீலக்கோடு.

"நான் சொல்லியிருந்தேன்ல?"

"சொன்ன."

"ரெண்டுலயும் என்னை உக்கார வச்சு அழவிட்டிருக்கீங்க. எது நடந்தாலும் அன்னிக்கு நாலு மணிக்கு ஸ்கூல் சட்டை இருபத்திரண்டு தரணும் பெரியம்மா. அழறதுக்குத் துணி நனையாத எடமா பாத்து உக்கார வச்சிருக்கலாம்."

நான் தாள்களை நாலாக மடித்தேன். அவளுக்கே மனசு கேட்கவில்லை போல. ஒரு சட்டையைத் திருப்பி, கீழ் மடிப்பைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே ஓர் அங்குலத் துணி மடித்துத் தைத்திருந்தது.

"வளர்ற பசங்க சட்டை. இன்னிக்கு அளவுக்கு வெட்டிட்டா அடுத்த வருஷம் என்ன பண்றது? அதான் உள்ள விட்டு வைக்கிறேன். நீங்க ஒட்ட வெட்டிட்டீங்க."

6

பன்னிரண்டாம் நாள் காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். பதினோரு மணிக்கு ஃபோன் வரும் என்றார்கள். இருவரும் சேர்ந்தே கேட்பது என்று பேசி வைத்திருந்தார்கள்.

பத்து ஐம்பத்தெட்டுக்கு ஃபோன் அடித்தது. லிஃப்ட்காரர் படிக்கட்டில் வந்துகொண்டிருந்தார். (தான் பழுது பார்த்த லிஃப்டில் அவர் ஏறுவதில்லை. ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை.) அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"எடும்மா," என்றேன்.

"அவர் வரட்டும்."

மறுபடி அடித்தபோது அவர் வாசலில் மூச்சு வாங்கி நின்றார். ஒரே ஃபோனில் இருவரும் காதை வைத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டு பின்னந்தலைகள். லிஃப்ட்காரரின் கை அவள் தோளில் இருந்தது. அது நடுங்கியதா என்று பார்த்தேன். பார்த்ததைச் சொல்லமாட்டேன்.

ஃபோனை வைத்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா, அந்தப் பட்டன் டப்பாவ எடுங்க. இன்னும் மூணு சட்டை இருக்கு."

அந்தக் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. எப்படி இருந்தது என்று எழுதினால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். நாலு மணிக்கு இருபத்திரண்டு சட்டைகளும் போயின. மூன்றுக்குப் பட்டன் தைத்தது நான். ஒன்று கொஞ்சம் கோணல்.

இதைப் படிக்கிற நீங்கள் நாளைக்கு முதன்முறையாக அங்கே போகிறவராக இருக்கலாம். சுவர் வெளிர்பச்சை, ஏழு குப்பி ரத்தம், எண்ணிக்கை குறையும், தாழ்ப்பாள் இப்போது சரியாக விழும். இவை எனக்குத் தெரியும். இதற்குமேல் ஒட்ட வெட்டமாட்டேன். கீழே ஓர் அங்குலம் விட்டிருக்கிறேன். எழுதுவதானால் சாக்பீஸால் எழுதுங்கள்.