காய்ச்சல் விட்ட காலை

நாலு நாளாகக் கொதித்த உடம்பு விடியலில் குளிர்ந்திருந்தது. அல்போன்சா மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், கழுத்திலும் வைத்தாள். காய்ச்சல் இல்லை.

"விட்டுருச்சா? நாந்தான் சொன்னேன்ல," என்றாள் நாத்தனார் இன்னாசியம்மாள். "தலைக்கு ஊத்திட்டு நீ மில்லுக்குக் கெளம்பு. ரசஞ்சோறு நான் குடுத்துக்கிறேன். இன்னைக்கும் போகலைன்னா உன் மிஷின்ல வேற ஆளப் போட்டுருவாங்க."

காய்ச்சல் விட்டதும் தலைக்கு ஊற்றுவது அந்தத் தெருவின் வழக்கம். ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது. அல்போன்சா தூக்குவாளியில் சோற்றை அடைத்துவிட்டு, வெந்நீர் விளாவி, ஐந்து வயது இசைவாணியைத் துவைகல்லில் உட்காரவைத்தாள். செம்பைக் கண்டாலே கத்தித் தெருவைக் கூட்டுகிற பிள்ளை, இன்று வாயே திறக்காமல் சரிந்து உட்கார்ந்திருந்தது.

முதல் செம்பைக் காலில் ஊற்றித் தேய்க்கக் குனிந்தாள். வெந்நீர் பட்டும் பாதம் ஜில்லென்று இருந்தது. உள்ளங்கையும் அப்படித்தான்.

"மதினி, புள்ள நேத்து மத்தியானத்துலருந்து ஒன்னுக்கே போகலையே."

"தண்ணி குடிச்சாத்தான போகும். சும்மா பதறாத."

"வயிறு வலிக்குதும்மா," என்றாள் இசைவாணி, கண்ணைத் திறக்காமலே.

தெருமுக்கில் மில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அல்போன்சா பிள்ளையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு ஓடினாள். தூக்குவாளி படியிலேயே கிடந்தது.

"என்னத்தா, மகளையும் ஷிப்டுக்குச் சேத்துட்டியா?" என்று சிரித்தார் டிரைவர் கண்ணுசாமி.

"வேடசந்தூர் ஆஸ்பத்திரில எறக்கி விடுங்கண்ணே."

குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு நின்றது. வழியில் கைகாட்டியவர்களுக்குக்கூட அவர் பஸ்ஸை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையின் விரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தார். வெளுத்த நகம் சிவக்க நேரமானது.

"காய்ச்சல் எப்ப விட்டுச்சு?"

"விடியக்காலைலம்மா. சரியாயிருச்சுன்னு நெனச்சு..."

"டெங்கு மாதிரி இருக்கு. அதுல காய்ச்சல் விட்ட பொறகுதான் பயமே. சாயங்காலம் வரை விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

டிரிப் ஏறியது. ஒன்னுக்குப் போனால் தேறுகிறாள் என்று அர்த்தம், உடனே சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அல்போன்சா சொட்டுகளையே பார்த்திருந்தாள். ஒரு பாட்டில் தீர்ந்து இன்னொன்று மாட்டினார்கள். பாதத்தைத் தொடுவாள், எடுப்பாள், மறுபடி தொடுவாள்.

மதியம் தாண்டி, மடி சூடாக நனைந்தது.

"சிஸ்டர்! போயிட்டா, சிஸ்டர்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தச் சத்தத்தில் விழித்த இசைவாணி, கையிலிருந்த ஊசியைக் கண்டு வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.