வழிமொழிய ஒருவர்

கலேகி எழுந்து மணல் மசோதாவை முன்மொழிந்தபோது கிவுவா தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாவட்ட மன்றத்தில் மற்றவர்களுக்கு அவள் பேச்சு புதிது. அவருக்கு ஒரு சொல்லும் புதிதில்லை.

மழை நின்றதும் வற்றிக் கிடக்கும் படுகையும் ஆறுதான். அங்கே மணல் லாரி இறங்கக் கூடாது. போன மன்றத்தில் ஒரு மாதம் யோசித்து அவர் எழுதிய வரி அது. அதைத் தட்டச்சு செய்தவள் அப்போது அவர் அலுவலகத்தில் வேலை பார்த்த கலேகி. வாக்கெடுப்புக்கு முன்பே மன்றத்தின் ஐந்தாண்டு முடிந்தது. மசோதாவும் அதோடு செத்தது. தேர்தலில் அவர் மறுபடி வென்றார். பக்கத்து வட்டத்தில் அவளும் வென்றாள். இப்போது முந்திக்கொண்டாள்.

பக்கத்து இருக்கை கிதேகா குனிந்து கிசுகிசுத்தார். "என்னண்ணே, உங்க புள்ளைக்கு வேற யாரோ பேரு வைக்கிறாங்க போல?"

"பேசாம இரு."

"நான் பேசல. உங்க மூஞ்சிதான் பேசுது."

கலேகி நன்றி சொல்லத் தொடங்கினாள். செயலருக்கு, ஊர்க்கூட்டங்களில் கருத்துச் சொன்ன பெண்களுக்கு, கட்சித் தலைவருக்கு. கிவுவா காத்திருந்தார். தான் காத்திருப்பது அவருக்கே அருவருப்பாக இருந்தது. அவர் பெயர் வரவில்லை.

"வழிமொழியிறது யாரு?" என்றார் சபாநாயகர்.

வழிமொழிவதாக வாக்குக் கொடுத்திருந்த உறுப்பினர் மூலியின் நாற்காலி காலியாக இருந்தது. பார்வையாளர் வரிசையில் லாரிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கைகட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். உறுப்பினர்கள் காகிதம் புரட்டினார்கள்.

"யாரும் இல்லன்னா மசோதா விழுந்துரும். ஆறு மாசத்துக்கு அப்புறம்தான் திரும்பக் கொண்டுவர முடியும். தெரியுமில்ல?"

கிவுவாவுக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து அவரே கொண்டுவரலாம். முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கும். அதற்குள் கோடை வந்துவிடும். மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுக்கும் அவர் வட்டத்துப் பெண்களுக்குத் தோண்ட மணல் மிஞ்சாது.

கலேகி நின்றுகொண்டே இருந்தாள். இப்போதும் அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பிக் கெஞ்சியிருந்தால் அவரால் நிம்மதியாக மறுத்திருக்க முடியும்.

"அப்ப சரி..." என்று சபாநாயகர் கையை உயர்த்தினார்.

கிவுவா எழுந்தார். "நான் வழிமொழியறேன், சபாநாயகர் அவர்களே."

"உங்களுக்குப் பேச நேரம் இருக்கு, மாண்புமிகு உறுப்பினரே."

ஐந்தாண்டுப் பேச்சு அவருக்குள் கிடந்தது. எங்கே தொடங்கினாலும் அது 'என்னுடையது' என்ற சொல்லில்தான் போய் நிற்கும் போலிருந்தது.

"அவங்களே எல்லாம் சொல்லிட்டாங்க" என்று உட்கார்ந்தார்.

"அவ்வளவுதானா?" என்றார் கிதேகா.

விவாதம் தொடங்கியது. கலேகி திரும்பி, தலையை லேசாகத் தாழ்த்தினாள். அவர் பார்க்காததுபோல் மசோதாவை எடுத்துப் பிரித்தார். முன்மொழிபவர் பெயர் அச்சாகியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, முதல் பிரிவிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.